பேட்ஜ் மட்டும் போதுமா? சம்பளமில்லாமல் இணையக் குழுக்களைக் காப்பவர்கள் பற்றிச் சில கேள்விகள்

ஸ்பேமை நீக்குவது, சண்டையை விலக்கிவிடுவது, தப்பான தகவலைத் திருத்துவது என்று இணையக் குழுக்களில் நிறைய வேலையைத் தன்னார்வலர்கள்தான் பார்க்கிறார்கள். இந்தக் காவல் வேலைக்கு மாடரேஷன் என்று பெயர், செய்பவர் மாடரேட்டர். அவர்களில் பலருக்குக் கிடைப்பது ஒரு பேட்ஜ், அதாவது பெயரோடு சேரும் ஒரு சின்ன அடையாளப் படம். இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம் நெல்லைச் சீமை நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சங்கரன்கோவில், கல்லூரி மாணவி: அண்ணாச்சி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நல்ல பதிலுக்குப் புள்ளி வரும் என்று தெரியும். மாடரேஷன் வேலைக்கும் ஏதாவது உண்டா?

நிறைய உண்டு தங்கச்சி. நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெற 2008-இல் தொடங்கிய தளம் அது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பேட்ஜில் மூன்று தரம். ஒழுங்கில்லாத ஒரு பதிவை முதன்முதலில் ஃப்ளாக் செய்தால், அதாவது கவனிக்கச் சொல்லிக் குறித்தால், ‘சிட்டிசன் பேட்ரோல்’, வெண்கலம். பயனுள்ளது என்று ஏற்கப்பட்ட ஃப்ளாக் 80 சேர்ந்தால் ‘டெபுட்டி’, வெள்ளி. அதுவே 500 ஆனால் ‘மார்ஷல்’, தங்கம். நீங்கள் ஆயிரம் முறை ஃப்ளாக் அமுக்கலாம், ஏற்கப்பட்டவை மட்டும்தான் கணக்கில் சேரும். எனக்கு அந்தத் தளத்தில் பிடித்த விஷயமே இதுதான்.

மற்றவர்களின் பதிவுகளைப் பரிசீலிக்கிற வரிசையிலும் இதே மாதிரி: முதல் பரிசீலனைக்கு ‘கஸ்டோடியன்’, 250-க்கு ‘ரிவியூவர்’, 1,000-க்கு ‘ஸ்டூவர்ட்’. தேர்தலில் ஜெயித்து மாடரேட்டராகி ஒரு வருஷம் பணியாற்றினால் ‘ஷெரிஃப்’. ஆனால் இந்தப் பேட்ஜ்களை வாங்கியதால் அதிகாரம் வராது, அது புள்ளிக் கணக்கில்தான் வரும். ஒரு கேள்வியை மூட வாக்களிக்க 3,000 புள்ளி வேண்டும்.

இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றால் ஸ்பேமில் இருந்து தொடங்குங்கள். பதில் மாதிரியே இரண்டு வரி ஓடும், மூன்றாவது வரியில் கடன் செயலி ஒன்றின் சுட்டி இருக்கும். அதைப் பிடிக்கக் கண் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அம்பாசமுத்திரம், வங்கி ஊழியர்: ஒரு சின்னப் படத்துக்காக யாராவது இரவில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்களா சார்? உண்மையிலேயே இது பலன் தருகிறதா?

தருகிறது சார், அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியாவில் மிக அதிகமாகப் பங்களிக்கும் 1 சதவீதத்தினரில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பதக்கம் கொடுத்தார்கள். அதே அளவு உழைக்கிற இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்த மூன்று மாதத்தில், பதக்கம் வாங்கியவர்களின் உழைப்பு வாங்காதவர்களைவிடச் சுமார் 60 சதவீதம் அதிகமாக இருந்தது. 2017-இல் இன்னோர் ஆய்வு. இது ஜெர்மன் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வந்த 4,000 பேருக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. பாராட்டுப் பெற்றவர்களில் அடுத்த மாதமும் எழுத வந்தவர்கள், பெறாதவர்களைவிட 20 சதவீதம் கூடுதலாக இருந்தார்கள். பெரும்பாலும் புனைபெயரில் எழுதுகிறவர்கள் இவர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியப்போவதில்லை. அப்படியும் அந்த மரியாதைக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை வைத்து 2013-இல் செய்த ஆய்வில், பேட்ஜ் நெருங்க நெருங்க ஆட்கள் வேகம் எடுப்பது தெரிந்தது. பேட்ஜ் கைக்கு வந்ததும் அந்த வேகம் சட்டென்று விழுந்தது. எண்ணிக்கைக்காகத் தருகிற பேட்ஜின் இயல்பு இது. விக்கிப்பீடியா பதக்கம் அப்படி இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, உங்கள் வேலையைப் பார்த்த இன்னொரு மனிதர் கொடுப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தென்காசி, மென்பொருள் ஊழியர்: பேட்ஜுக்காகப் படிக்காமலே ‘சரி, சரி’ என்று தட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்களே அண்ணாச்சி, அவர்களை எப்படிப் பிடிப்பது?

அதற்குப் பொறி வைத்திருக்கிறார்கள். பரிசீலனை வரிசையில் நடுநடுவே, விடை முன்பே தெரிந்த பதிவு ஒன்றை நுழைப்பார்கள். குப்பை என்று ஏற்கெனவே முடிவான பதிவுக்கு ‘நன்று’ போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அடிக்கடி மாட்டினால் கொஞ்ச நாளைக்குப் பரிசீலிக்கவே முடியாது. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு.

சோம்பேறியை இப்படிப் பிடித்துவிடலாம். எண்ணவே முடியாத வேலையை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் அவர் திறமை இருக்கிறது, எத்தனை முறை போட்டார் என்பதில் இல்லை. நல்ல மாடரேட்டரும் அப்படித்தான். கோபமாக எழுதிய ஒருவரின் பதிவை நீக்காமல், தனியாக ஒரு செய்தி அனுப்பி, அவரே திருத்தும்படி செய்வார். கணக்குப் புத்தகத்தில் அது பூஜ்யம். நீக்கிய பதிவுகளின் எண்ணிக்கைக்குப் பேட்ஜ் வைக்கிற குழுவில் இந்த மனிதர் கண்ணிலேயே படமாட்டார். வெட்டித் தள்ளுகிறவர்தான் மேலே போவார்.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: தம்பி, நான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். அங்கே பதக்கம் கொடுக்க யாருக்கு உரிமை?

உங்களுக்கே இருக்கிறது ஐயா. யார் வேண்டுமானாலும் யாருக்கும் கொடுக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தப் பழக்கம் 2003 டிசம்பரில் வந்தது. தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அதே 2003-தான். பதக்கத்தைப் பயனரின் பேச்சுப் பக்கத்தில் இட்டு, எதற்காக என்று எழுதிக் கையொப்பம் போட வேண்டும். நிர்வாகி அணுக்கம், அதாவது நிர்வாகிக்கான அதிகாரம், என்பது வேறு. அதைச் சமூகம் கூடி முடிவெடுத்துத் தருகிறது.

ஒரு வேண்டுகோள் ஐயா. ‘சிறந்த பங்களிப்புக்குப் பாராட்டுகள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது, அதுவரை ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றிருந்த ஊர்க் கட்டுரைகளை எல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. மாவட்டம், பகுப்பு, தகவல்பெட்டி, வார்ப்புரு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அலுப்பான வேலை, யாரும் கைதட்டாத வேலை. அப்படிச் செய்தவர் கண்ணில் பட்டால், அந்தக் கட்டுரைகளின் பெயரையே குறிப்பிட்டு எழுதுங்கள். நான் செய்ததை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வள்ளியூர்: கூகுள் மேப்பில் லோக்கல் கைடு பேட்ஜ் வாங்கியிருக்கிறேன். அதுவும் இதில் சேருமா?

ஓரளவுக்கு. 250 புள்ளி வந்து நான்காம் நிலையை எட்டினால் அங்கே பேட்ஜ் கிடைக்கும், பத்தாம் நிலைக்கு ஒரு லட்சம் புள்ளி. புள்ளியில் பெரும்பகுதி விமர்சனம், படம் போன்றவற்றுக்குத்தான். மூடிப்போன கடையை ‘மூடப்பட்டது’ என்று குறித்து ஒருவரின் அலைச்சலை மிச்சப்படுத்தினீர்களா, அதை நான் காவல் வேலை என்றே சொல்வேன்.

மேலப்பாளையம், ஜவுளி வியாபாரி: கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதிக்கும், வேலை பார்க்கிறவனுக்கு ஸ்டிக்கரா? இது சுரண்டல் இல்லையா அண்ணாச்சி?

கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணாச்சி. பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் அரட்டை அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. அவர்களுக்குக் கைமாறு, இலவசமாகவோ சலுகை விலையிலோ இணைய இணைப்பு. வேலை நேரம், பயிற்சி, அறிக்கை எல்லாம் ஊழியருக்கு உள்ளது போலவே இருக்கிறதே, கூலி எங்கே என்று கேட்டு 1999-இல் சிலர் வழக்குப் போட்டார்கள். பல வருஷம் இழுத்து, 1.5 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் மாடரேட்டர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நாளைக்குக் குறைந்தது 466 மணி நேரம் உழைக்கிறார்கள் என்று 2022-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மணிக்கு 20 டாலர் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 34 லட்சம் டாலர். 2024-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, சில மாடரேட்டர்களுக்கும் ஆரம்ப விலையில் பங்கு வாங்க வாய்ப்புக் கொடுத்தார்கள். இலவசமாக இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அதே சமயம், 2023 ஜூனில் இவர்கள் போராடியது எதற்காக என்று பாருங்கள். மாடரேட்டர்கள் பயன்படுத்திவந்த வெளிச் செயலிகளை முடக்கிப்போடும்படி நிறுவனம் விதித்த புதுக் கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான ரெட்டிட் குழுக்கள் கதவைச் சாத்தின. அதே மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாடரேட்டர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளும் பதில்களை நீக்க விடாமல் நிறுவனம் கையைக் கட்டியதுதான் காரணம். சம்பளமோ புதுப் பேட்ஜோ அவர்கள் கேட்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்யக் கருவி வேண்டும், எங்களைக் கேட்டு முடிவெடுங்கள் என்றார்கள். அதைக் கொடுக்காத இடத்தில் தங்கப் பேட்ஜ் கொடுத்தாலும் அது ஸ்டிக்கர்தான், நீங்கள் சொன்னது சரி.

ஸ்ரீவைகுண்டம், அரிசிக்கடை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழு அட்மின்கள் தூங்கவே இல்லை. அணையைப் பற்றி வந்த புரளிகளை நீக்கியே ஓய்ந்துபோனார்கள். வாட்ஸ்அப்பில் பேட்ஜே கிடையாதே? அப்புறம், யாரோ போட்ட பதிவுக்கு அட்மின் மேல் கேஸ் வரும் என்கிறார்களே?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், பயம் தெளியட்டும். வெறும் அட்மினாக இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்ற நிலைப்பாட்டை நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலேயே எடுத்திருக்கிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-இல் அப்படியே தீர்ப்புச் சொன்னது. அட்மினுக்கும் அந்தப் பதிவில் பங்கு இருந்தால் கதை வேறு.

நன்றி சொல்ல வாட்ஸ்அப்பின் பேட்ஜை எதிர்பார்க்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அந்த இரவில் ‘அணை உடைஞ்சிட்டு’ என்று ஒரு பழைய வீடியோ சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை யார் நீக்கினார், பாபநாசம் அணையின் சரியான நீர்மட்டத்தை யார் தேடிப் போட்டார், எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும் என்று யார் பட்டியல் எடுத்தார் என்று குழுவிலேயே பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் இன்னும் மூன்று பேரை அட்மின் ஆக்கி, ராத்திரி முறை வையுங்கள். தூங்க விடுவதைப் போல ஒரு நன்றி கிடையாது.

களக்காடு, இல்லத்தரசி: அண்ணாச்சி, ஒரு தோட்டக்கலைக் குழுவில் ரொம்ப நாளாக மாடரேட்டராக இருக்கிறேன். அலுத்துவிட்டது. விலகினால் வாங்கிய பேட்ஜ் எல்லாம் போய்விடுமே என்று தயக்கமாக இருக்கிறது.

இடத்துக்கு இடம் மாறும் அக்கா. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரித் தளங்களில் வாங்கிய பேட்ஜ் உங்களிடமே இருக்கும். ஃபேஸ்புக் குழுவில் ‘மாடரேட்டர்’ என்ற அடையாளம் பொறுப்போடு போய்விடும். டிஸ்கோர்ஸ் மென்பொருளில் ஓடும் குழுக்களில் மூன்றாம் நம்பிக்கை நிலை என்று ஒன்று உண்டு, கடைசி 100 நாளில் பாதி நாளாவது வந்திருந்தால்தான் அது நிலைக்கும். தொடர்ந்து 100 நாள் வந்தால் பேட்ஜ் என்கிற ஏற்பாடும் சில தளங்களில் இருக்கிறது. காய்ச்சலில் படுத்த நாளில் கூட ஃபோனைத் தேட வைக்கும் அந்த வகைப் பேட்ஜ் எனக்கு அறவே பிடிக்காது.

நீங்கள் தாராளமாக விலகுங்கள். போகும் முன் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். யாருக்கெல்லாம் எச்சரிக்கை கொடுத்திருக்கிறீர்கள், என்ன காரணம், எந்த விதை வியாபாரி எந்தெந்தப் பெயரில் திரும்பத் திரும்ப நுழைகிறார், எந்த இருவர் உரம் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டையில் முடியும் என்பதையெல்லாம் எழுதி, அடுத்து வருகிறவர் கையில் கொடுங்கள். ஒரு மாதம் அவர் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.