கேளுங்கள், சொல்கிறேன்: வெள்ளம், வெயில், ஏ.சி.

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மடிப்பாக்கம்)

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: 2015 சென்னை வெள்ளத்துக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்கிறான் என் மகன். செம்பரம்பாக்கம் ஏரியை ஒரேயடியாகத் திறந்துவிட்டதுதான் காரணம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் முன்னால் நிற்கிறீர்கள். மகனிடம் ரொம்பக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்று டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டியது. அது எல் நினோ வருடம். பசிபிக் கடல் சூடேறும் அந்த மாதிரி வருடங்களில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்வது வழக்கம். பூமி சூடானதால் இப்படியொரு மழைக்கான வாய்ப்பு கூடியதா என்று ஒரு விஞ்ஞானிகள் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. அப்படி எதுவும் தட்டுப்படவில்லை என்றே எழுதினார்கள். அதற்கு அவர்கள் சந்தேகப்பட்ட காரணம் வேடிக்கையானது. நம் பக்கத்துப் புகையும் தூசியும் வெயிலைத் தடுத்து, கரியமில வாயு ஏற்றிய சூட்டை அதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம் என்றார்கள். அதாவது காற்று சுத்தமானால் அந்தச் சலுகை போய்விடும். ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் எங்காவது ஒரு நாள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆக, உங்கள் மகன் கொஞ்சம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் கட்சிக்கு வருவோம். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். 2018-ல் வெளியான தணிக்கைத் துறை அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. ஆனால் ஏரியோடு விஷயம் முடியவில்லை. தென்சென்னை மழைநீர் போய் உட்கார வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதில் பெருங்குடி குப்பை மேடு வந்தது, ஐ.டி. கட்டடங்கள் வந்தன. கடலையும் காற்றையும் ஆராய்கிற மத்திய அரசு நிறுவனங்களே அங்கேதான் இடம் பிடித்தன. (ஆராய்ச்சிக்கு வசதிதான்.) 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது மிச்சம் இருந்த நிலம். எதற்கெடுத்தாலும் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டால் கால்வாயை மடக்கிக் கட்டியவருக்குக் கொண்டாட்டம். பழியைத் தூக்கி வானத்தின் மேல் போட்டுவிடலாம் இல்லையா?

புரசைவாக்கம் வாசகர்: 2003-ல் சென்னையில் 45 டிகிரி அடித்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதைத் தாண்டவில்லையே, பூமி எங்கே சூடாகிறது?

நல்ல கேள்வி, நிஜமாகவே. மே 31-ஆம் தேதி, கத்திரி முடிந்த பிறகு, நுங்கம்பாக்கத்தில் பதிவானது அது. சென்னையின் உச்ச வெயிலைத் தீர்மானிப்பது கடல்காற்று. மத்தியானம் அது உள்ளே நுழைந்துவிட்டால் பாதரசம் அங்கேயே நின்றுவிடும். மேற்குக் காற்று வலுத்து அதை நுழைய விடாத நாளில்தான் இப்படி எகிறும். ஆகவே ஒற்றை நாள் சாதனையைப் பார்த்தால் கடல்காற்று எப்போது வந்தது என்பதுதான் தெரியும்.

சராசரியைப் பாருங்கள். 1901-லிருந்து வைத்திருக்கும் கணக்கில் இந்தியா முழுமைக்கும் மிகச் சூடான ஆண்டு 2024. உலக அளவிலும் அதே ஆண்டுதான். எனக்கு 45 டிகிரியைவிட 38 டிகிரியில் வரும் புழுக்கத்தைக் கண்டால்தான் பயம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது சும்மா இல்லை.

தாம்பரம் கல்லூரி மாணவி: காற்றில் 0.04 சதவீதம்தான் கரியமில வாயு. அவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும்?

காற்றில் 99 சதவீதமான நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை. கரியமில வாயு பிடித்துக்கொள்கிறது. டிண்டால் என்ற விஞ்ஞானி 1859-லேயே சோதனைக்கூடத்தில் அளந்து காட்டிவிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

அண்ணா நகர் வாசகர்: அமெரிக்கா காலநிலை ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுகிறது. நாம் மட்டும் எதற்கு நிலக்கரியைக் குறைக்க வேண்டும்?

அவர்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. 1997-ல் கியோட்டோ காலநிலை மாநாட்டுக்குப் போவதற்கு முன்பே, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் செனட் 95-க்கு 0 என்று வாக்களித்தது. இரு கட்சியும் கைகோத்த அபூர்வ நாள்! பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020-ல் வெளியே, 2021-ல் உள்ளே, 2025-ல் மறுபடி விலகல் அறிவிப்பு.

நம் தரப்பு வாதம் நியாயமானது. நாம் தலைக்கு ஆண்டுக்கு 2 டன் போல கரியமில வாயு விடுகிறோம், அவர்கள் 14 டன் போல. இதுவரை காற்றில் சேர்ந்ததில் கால் பங்கு அவர்களுடையது. அதை வைத்துத்தான் 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், நிலக்கரியை ‘ஒழிப்பது’ என்பதைப் ‘படிப்படியாகக் குறைப்பது’ என்று மாற்ற வைத்தோம்.

ஆனால் அந்த 2 டன் ஒரு சராசரி. மூன்று ஏ.சி. ஓடும் அண்ணா நகர் வீடும் அதில் இருக்கிறது, ஒரே மின்விசிறி சுற்றும் குடிசையும் இருக்கிறது. ஏழையைக் காட்டி உலக அரங்கில் வாதாடிவிட்டு, நிலக்கரி மின்சாரத்தின் சாம்பலை யார் தலையில் கொட்டுகிறோம் என்று அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு போனதாக அங்கே மீனவர்கள் வருடக்கணக்காகக் கத்துகிறார்கள். நிலக்கரியைக் குறைக்க அமெரிக்கா வழிக்கு வரும்வரை அந்த மீனவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

பெரம்பூர் இல்லத்தரசி: இதையெல்லாம் படித்தபின் ஏ.சி. வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் சண்டை.

வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் வாங்குங்கள் அம்மா, குற்ற உணர்ச்சி வேண்டாம். அதற்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளை டைல்ஸ் போடுங்கள் அல்லது வெள்ளையடியுங்கள். ஐந்து ஸ்டார் மெஷினாகப் பார்த்து, 26-ல் வைத்து, ஃபேனையும் ஓட விடுங்கள். அப்புறம், பெரும்பாலும் உள்ளே குளிரூட்ட இருப்பது ஆர்-32 கேஸ். எடைக்கு எடை அது கரியமில வாயுவைப் போல 600 மடங்குக்கு மேல் சூடேற்றும். வீடு மாறும்போது கழற்ற வரும் மெக்கானிக், கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் பம்ப் டவுன் செய்து, அதாவது வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்து, எடுக்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.