ஜெயிக்காவிட்டால் கேரம் ஆடிய நேரமெல்லாம் வீணா?

தினமும் சாயங்காலம் கேரம் ஆடியும் ஒரு போட்டியில்கூட ஜெயிக்கவில்லை, வேலையிலும் முடிவைத்தானே எல்லோரும் பார்க்கிறார்கள், அப்படியானால் இதெல்லாம் வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன்.

பிரேக், அதாவது முதல் அடி, அடிப்பவர் ஒரே மூச்சில் 9 வெள்ளைக் காயையும் சிவப்புக் காயான ரெட்டையும் குழியில் போட்டு போர்டை, அதாவது அந்தச் சுற்றை, முடித்துவிட்டால் அது ஒயிட் ஸ்லாம். எதிரே உட்கார்ந்தவர் ஸ்ட்ரைக்கரைத் தொட்டிருக்கவே மாட்டார், ஆனாலும் அந்த போர்டு அவருக்குத் தோல்விதான். அதை வைத்து அவருடைய ஆட்டத்தை எப்படி எடைபோடுவது? உங்கள் முறை வந்தபோது காயின் ஓரத்தை உரசும் கட் எவ்வளவு மெல்லிசாக விழுந்தது, ரெட்டைத் தொடுவதற்கு முன்பே அதற்கு அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவுக்குக் காய் பார்த்து வைத்தீர்களா, அதுதான் உங்களுடையது. எங்கள் பக்கத்து செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். வட சென்னையே கொண்டாடியது. அந்தத் தங்கத்துக்குப் பின்னால் இருக்கும் மாலைகளும் உங்களுடையதைப் போல யாரும் பார்க்காத மாலைகள்தான்.

வேலை விஷயம் வேறு. நான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பெரிய வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். சிலிண்டர் ஹெட்டை மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக முறுக்க வேண்டும். ஓரத்து போல்ட்டை முதலிலேயே இறுக்கிவிட்டால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் சமமாக அமராது. கரையில் ஓட்டிப் பார்த்தால் சரியாக முறுக்கிய இன்ஜினும் தப்பாக முறுக்கிய இன்ஜினும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். வித்தியாசம் தெரிவது நடுக்கடலில், பாரம் ஏறிய பிறகு. அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன், படகில் போனவர்கள்தான் இருப்பார்கள். "நடுவுலேர்ந்து வாடா, அவசரப்படாத" என்று எங்கள் வாத்தியார் ஓயாமல் சொன்னது அவர்களுக்காகத்தான். படகு ஓனர் முடிவை மட்டும் கேட்கிறார் என்றால் அது நியாயம்; அவர் பிழைப்பு அது. எனக்கோ முடிவு கண்ணுக்கே தெரியாத தூரத்தில் நடக்கிறது. என் கைக்கு எட்டுவது அந்த முறுக்கு மட்டும்தான்.

போட்டிக்குப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழகிய போர்டில் தெரியாத குறை அங்கே ஒரே மேட்சில் தெரிந்துவிடும். எந்த ஷாட் தவறியது என்று குறித்து வைத்து, மறுநாள் சாயங்காலம் அதை மட்டும் ஆடிப் பாருங்கள்.