ராட்வீலர், பிட்புல் போன்ற நாய்கள் பிறவியிலேயே ஆபத்தானவையா? சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் மாடி வீட்டில் இருக்கிறார். நாலு வயதில் பெண் குழந்தை. கணவருக்கு ராட்வீலர் குட்டி வாங்க ஆசை. மாமியார் "அது ஆளையே கொல்ற ஜாதி" என்கிறார். கணவர் "எல்லாம் நாம வளர்க்கிறதுல இருக்கு" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு பேரும் சொல்வதில் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் மாமியார் கட்சி.

நான் கடலூர்க்காரன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் சில வருடங்கள் உதவியாளராக இருந்தேன். டாக்டர் ஊசி போடும்போது நாயை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் முக்கிய வேலை, அதனால் கடி வாங்குவதும் அந்த வேலையில் சேர்த்திதான். என்னைக் கடித்தவற்றில் பெரும்பாலானவை நம் ஊரில் எல்லாரும் பொமரேனியன் என்று கூப்பிடும் அந்த வெள்ளை ஸ்பிட்ஸ். அப்புறம் குட்டைக் காலும் நீள உடம்புமாக இருக்கும் டாஷண்ட். ராட்வீலர் ஒன்றுகூட என் மேல் பல் வைத்ததில்லை.

உடனே உங்கள் கணவர் "பார்த்தியா" என்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஸ்பிட்ஸ் கடித்த அன்றெல்லாம் நான் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்கு வந்துவிட்டேன். வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோ இருக்கும். அது ஒரே ஒரு தடவை, அதுவும் என்னையல்லாமல் ஒரு குழந்தையைக் கடித்திருந்தால் கதையே வேறு. கடிக்குமா என்று கேட்டால் இனத்தை வைத்து அதிகம் சொல்ல முடியாது. கடித்தால் என்ன ஆகும் என்று கேட்டால் நிறையவே சொல்லலாம்.

முதல் விஷயத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் அதிகமான நாய்களின் குணத்தைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000-க்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் குணம் இனத்தோடு ஓரளவு ஒட்டி வருகிறதாம். சட்டென்று சீறிப்பாயும் குணத்தை இனத்தை வைத்து ஊகிக்கவே முடியவில்லை.

அதற்காக, இனம் என்பதே வெறும் பெயர் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் காளையோடு நாயை மோதவிடும் விளையாட்டை 1835-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பிறகு நாய்க்கு நாய் சண்டை ஒளிவு மறைவாகப் பெருகியது. அதற்காக புல்டாக்கையும் டெரியரையும் கலந்து உருவாக்கியதுதான் பிட்புல் வம்சம். வாயில் பிடித்ததை விடக்கூடாது, வலித்தாலும் பின்வாங்கக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். மனிதனைக் கடிக்க அல்ல, இன்னொரு நாயைக் கடிக்க. ஆனால் அந்தத் தாடை, எந்தக் காரணத்துக்காகக் கடித்தாலும், அதே தாடைதான். ராட்வீலர் ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டிய, வண்டி இழுத்த நாய். மாட்டையே நெட்டித் தள்ளும் உடம்புக்கு முன்னால் நாலு வயதுக் குழந்தை எம்மாத்திரம்? (எந்த நாய்க்கு எத்தனை பவுண்டு கடி அழுத்தம் என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலை நம்பாதீர்கள். உடம்பைப் பார்த்தாலே போதும்.)

2022-இல் லக்னோவில் 82 வயது மூதாட்டியைக் கொன்றது அதே வீட்டில் வளர்ந்த பிட்புல். 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அதற்கு முன்பே, அந்த மார்ச்சில், 23 இனங்களுக்குத் தடை போடச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏப்ரலில் ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் நம் ராஜபாளையமும் கோம்பையும் இல்லை. அந்நியரைக் கிட்டவே சேர்க்காத நாய்கள் இரண்டும்!

பட்டியல் போட்டுத் தடுப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிரிட்டன் 1991-லேயே பிட்புல் உட்பட நாலு வகைகளைத் தடை செய்தது. நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேருவோர் எண்ணிக்கை அதன் பிறகு ஏறத்தான் செய்தது. பிட்புல் வம்சத்திலிருந்தே எக்ஸ்எல் புல்லி என்று இன்னும் பெரிதாக ஒன்று வந்ததும், 2023 கடைசியில் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

கிளினிக்குக்கு வந்த முரட்டு நாய்களில் பலவற்றின் கதை ஒன்றுபோலவே இருக்கும். தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்து விற்ற குட்டி. எட்டு வாரம் ஆகாமல் விற்கக்கூடாது என்று நாய் விற்பனைக்கான மத்திய அரசின் 2017 விதி சொல்கிறது, யார் பார்க்கிறார்கள்? குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் ஆள், சத்தம், குழந்தை, வண்டி எல்லாம் பழகும் வயது. அந்த நாட்களை மாடிப்படிக்குக் கீழே கழித்திருக்கும். ஆறு மாதம் கொஞ்சுவார்கள், உடம்பு போட்டதும் பயம் வந்து மொட்டைமாடியில் சங்கிலி. அக்னி நட்சத்திர வெயிலில் நம் ஊர்த் தளம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்படிக் கட்டிக்கிடக்கும் நாய் எந்த இனமாக இருந்தாலும் சிடுசிடுவென்றுதான் இருக்கும். மாடி வீடு என்றதும் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

பாதுகாப்புக்காக வாங்குகிறோம் என்று கணவர் சொன்னால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவையும் காட்டுங்கள். வளர்க்கும் பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

நாய் வேண்டும் என்று குழந்தையும் கேட்டால் தெருவில் பிறந்த ஒரு பெண் குட்டியை எடுத்து, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்க்கலாம். நம் வெயில் அதற்குப் பழக்கம், இருபது கிலோ தாண்டுவதும் அபூர்வம். தெரு நாய் எல்லாம் சாது என்று சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்கு நிற்கும் வரிசையில் பெரும்பாலோர் அவற்றிடம் கடிபட்டவர்கள்தான். எந்த நாயாக இருந்தாலும் குழந்தையை அதனோடு தனியாக விடக்கூடாது, சாப்பிடும்போது தொட விடக்கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

கணவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அவர் வேலைக்குப் போன பிறகு, பகல் முழுக்க வீட்டில் நீங்களும் மாமியாரும் குழந்தையும்தானே? வாசலில் கூரியர் பையன் மணி அடிக்கும்போது அந்த 50 கிலோவை யார் இழுத்துப் பிடிப்பது? அதற்குப் பதில் இல்லையென்றால், பாப்பாவுக்கு ஒரு பன்னிரண்டு வயது ஆனதும் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.