முஸ்லிம் பெண்களை ஊடகங்கள் ஏன் ஒரே மாதிரி காட்டுகின்றன?

சிலரைப் பார்த்துவிட்டு எல்லோரும் இப்படித்தான் என்று முடிவுகட்டுவதை ‘முத்திரை குத்துவது’ என்கிறோம். முஸ்லிம் பெண் என்றாலே பல ஊடகங்களில் அதே படம்தான்: கறுப்புத் துணி, நடுவே இரண்டு கண்கள், பெயர் கிடையாது. செய்தி வங்கிக் கடனைப் பற்றியதாக இருந்தாலும் சரி.

பெரிய சதியெல்லாம் தேவையில்லை. போர், தடை, தண்டனை என்றால் செய்தி. ஒருத்தி வேலைக்குப் போய் வந்தால் செய்தியில்லை. அவசரத்தில் இருப்பவர் சட்டென்று புரியும் படத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார். ஆம்புலன்ஸ் நின்ற நாளில் மட்டும் ஒரு தெருவைப் பார்த்தவர், அங்கே எல்லோரும் நோயாளிகள் என்று நினைப்பது போலத்தான்.

அப்புறம், விடுபடுவது ஏராளம். 1988-இல் பெனசிர் பூட்டோ பாகிஸ்தான் பிரதமர். 1993-இல் துருக்கியில் தான்சு சில்லர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்திஹாஜ் முகமது ஹிஜாபோடு வாள்வீசி அமெரிக்க அணியுடன் வெண்கலம் வென்றார். உடை விஷயத்திலும் அப்படித்தான்: ஈரானில் பெண்கள் தலையை மூடியே ஆக வேண்டும்; பிரான்ஸ் அரசுப் பள்ளிகளில் 2004-இல் வந்த சட்டப்படி மாணவிகள் மூடவே கூடாது. இரண்டிலும் அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

‘அப்போ ஒடுக்குமுறையே இல்லையா?’ என்பார்கள். இருக்கிறது, அதை எதிர்த்து 2003-இல் அமைதி நோபல் பெற்ற ஈரானிய வழக்கறிஞர் ஷிரின் எபாடியும் முஸ்லிம் பெண்தான்.