தானே கற்ற ஓவியர் என்பவர் யார்? ஹென்றி ரூசோவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஓவியப் பள்ளியில் முறையாகப் பயிலாமல், பார்த்தும் வரைந்தும் கலையைக் கைவரப் பெற்றவரைத் தானே கற்ற ஓவியர் என்கிறோம். பிரான்சின் லவால் நகரில் 1844-இல் பிறந்த ஹென்றி ரூசோ (தத்துவஞானி ரூசோ வேறு) இதற்குச் சிறந்த சான்று. பாரிசில் சுங்க வரி வசூலிக்கும் பணியாளராக இருந்துகொண்டே வரைந்து வந்த அவர், 1893-இல் பணியிலிருந்து விலகி முழுநேர ஓவியரானார். இயற்கையே தம் ஆசான் என்று சொல்லிக்கொண்டாலும், லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைய அனுமதியும் பெற்றிருந்தார்.

இத்தகையோரின் ஓவியம் ஏன் வேறுபட்டுத் தெரிகிறது? தொலைவையும் நிழலையும் காட்டும் விதிகளைப் பள்ளி முதலில் புகட்டிவிடும். அளவுக் கரண்டியின்றிக் கைப்பக்குவத்தில் சமைப்பவரைப் போல, ரூசோ தம் கண்ணை மட்டுமே நம்பினார். 1910-இல் அவர் வரைந்த ‘கனவு’ ஓவியத்தில், பின்னால் உள்ள இலையும் முன்னால் உள்ள இலையும் ஒரே தெளிவுடன், விளிம்பு பிசகாமல், பச்சையின் பல சாயல்களில் அடுக்கடுக்காக நிற்கின்றன. தாமரைகளோ ஆள் தலையைவிடப் பெரியவை. விதிப்படி பார்த்தால் இது பிழைதான், ஆனால் அந்தக் காட்டின் மயக்கமே அதில்தான் இருக்கிறது என்பேன்.

ரூசோ மெக்சிகோக் காடுகளை நேரில் கண்டவர் என்று பலர் இன்றும் நம்புகின்றனர். உண்மையில் அவர் பிரான்சைவிட்டு வெளியே சென்றதே இல்லை, அவர் கண்ட வெப்பமண்டலச் செடிகள் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடில்களில் வளர்ந்தவை.