அமெரிக்க அடாரியில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ்: செருகும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அமெரிக்காவிலிருந்து பழைய அடாரி 2600 வீடியோ கேம் கருவியும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தின் கேட்ரிட்ஜும் வரவழைத்திருக்கிறேன். இங்கே அப்படியே செருகலாமா? டிவியில் படம் வருமா? ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்தில்) குண்டுகளை எண்ணிச் சுட்டுப் பறக்கும் தட்டுக்கு 300 புள்ளி எடுப்போமே, அது இதில் நடக்குமா? (வாசகர், தெம்பனிஸ், சிங்கப்பூர்)

பதில்: கூட வந்த அடாப்டரைத் தயவுசெய்து செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் வருவது 230 வோல்ட். கால்களின் வடிவத்தை மாற்றும் சின்ன பிளக் மின்னழுத்தத்தைக் குறைக்காது, டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். உங்களுக்குத் தேவை 9 வோல்ட் டிசி, குறைந்தது 500 மில்லியாம்ப், 3.5 மி.மீ. மோனோ பிளக், முனை பாசிட்டிவ். அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையான சேஃப்டி மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் பொருந்தாவிட்டால் சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். முனை பாசிட்டிவ்தானா என்பதை மல்டிமீட்டரில் உறுதி செய்யுங்கள். இந்த வகை பிளக் நுழையும்போது ஒரு கணம் ஷார்ட் ஆகக்கூடும். ஆகவே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டே செருக வேண்டும்.

அடுத்தது படம். இங்கு அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டாலும், பல டிவிகளில் அனலாக் டியூனர் இன்னும் இருக்கிறது. கருவியின் சேனல் சுவிட்சை 2இல் வைத்து, டிவியில் 55.25 மெகாஹெர்ட்ஸை மேனுவலாகத் தேடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் டிவியின் கலர் சிஸ்டத்தை அமெரிக்க வண்ண முறையான என்டிஎஸ்சி 3.58க்கு மாற்றுங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால் கருவியில் பழுது இல்லை. அமெரிக்க முறையில் ஒலி 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வருகிறது, நம் பால்-பி முறையில் 5.5. சவுண்ட் சிஸ்டத்தில் ‘எம்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கருவிக்குள் காம்போசிட் ஏவி போர்டு (படத்தையும் ஒலியையும் டியூனர் வழியாக இல்லாமல் நேராக டிவிக்கு அனுப்பும் அட்டை) பொருத்துவதே நல்ல வழி. மலிவான ஏவி-எச்டிஎம்ஐ மாற்றிகளை நம்ப வேண்டாம். இந்தப் பழைய சிக்னலைப் பல மாற்றிகள் சரியாக எடுப்பதில்லை.

திரையில் வெறும் கோடுகள் ஓடினால் பெரும்பாலும் கேட்ரிட்ஜ் அழுக்குதான். நம் ஊர் ஈரப்பதத்துக்குச் செம்பு சீக்கிரம் மங்கும். தூசிக் கதவைத் தள்ளி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் 24 தொடுமுனைகளையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அரிப்பைக் கூட்டும்.

விளையாட மட்டும்தான் ஆசை என்றால், 2023இல் வந்த புதிய கருவியான அடாரி 2600+ போதும். பழைய கேட்ரிட்ஜைச் செருகலாம், எச்டிஎம்ஐயும் உண்டு. இத்தனை சிரமம் வேண்டியதில்லை.

குண்டு எண்ணும் வித்தை இதில் பலிக்காது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட மூல ஆர்கேட் ஆட்டத்தில் பறக்கும் தட்டின் மதிப்பு நீங்கள் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: 23ஆவது குண்டு, பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டும் 300 தரும். 1980இல் வந்த அடாரி பதிப்பில் தட்டுக்கு எப்போதும் 200தான். எதிரிகளும் 55 அல்ல, 36. கேடயங்கள் நான்கல்ல, மூன்று. ஆர்கேடில் இன்டெல் 8080 என்ற சிப், திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒரு ஃபிரேமுக்கு ஓர் எதிரியைத்தான் நகர்த்தும். 55 பேரும் இருக்கையில் அணி ஓர் அடி எடுத்துவைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும், கடைசி ஆள் மட்டும் பறப்பான். அந்தப் பதற்றம்தான் அந்த ஆட்டத்தின் உயிர்.

அடாரிக்கென்று தனி வித்தை உண்டு. ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே பவரைப் போட்டால் ஒரே சமயத்தில் இரண்டு குண்டுகள் சுடலாம். டிஃபிகல்ட்டி சுவிட்சை ‘பி’யில் வையுங்கள், ‘ஏ’யில் உங்கள் பீரங்கி இருமடங்கு அகலமாகி, எதிரியிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும்.