மச்சான் டீசல் என்கிறார், ஷோரூமில் டர்போ என்கிறார்கள்: எந்த இன்ஜினை நம்பிக் கடன் வாங்குவது?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறேன், வயது 39. பிடித்தம் போக மாதம் 98,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 26,000. சேமிப்பு 7 லட்சம். மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. அலுவலகத்துக்கு கம்பெனி பஸ் இருக்கிறது. கார் தேவைப்படுவது பிள்ளைகளை 3 கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியில் விட, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, வருடத்தில் இரண்டு முறை திருநெல்வேலி போய்வர. மாதத்துக்கு 700 கிலோமீட்டர் தாண்டாது. 2020 மாடல் பிஎஸ்6 டீசல் எஸ்யூவி ஒன்று, 71,000 கிலோமீட்டர் ஓடியது, எட்டரை லட்சத்துக்கு வருகிறது; டீசல் இன்ஜினுக்குச் சாவே கிடையாது என்கிறார் மச்சான். ஷோரூமில் ஆன்ரோடு பன்னிரண்டரை லட்சத்தில் டர்போ பெட்ரோல் காட்டுகிறார்கள். 3 லட்சம் கட்டினால் போதும், 7 வருடத்துக்கு மாதம் 15,300தான் வரும் என்கிறார்கள். மூன்றாவது, டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஆன்ரோடு 9 லட்சம். என் பயமெல்லாம் இன்ஜின்தான். ஒரு முறை லட்ச ரூபாய் செலவு வைத்தாலும் குடும்பம் தாங்காது. எதை எடுக்கட்டும்?

பதில்: மூன்றாவதை எடுங்கள். கையிலிருந்து 4 லட்சம் கட்டி, 5 லட்சம் மட்டும் 5 வருடக் கடனாக வாங்குங்கள். மீதி 3 லட்சத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் எந்த கம்பெனி இன்ஜின் நல்லது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, உங்கள் ஓட்டத்துக்கு எந்த வகை இன்ஜின் ஒத்துவரும் என்று பார்ப்பதுதான் உங்களைக் காப்பாற்றும். நல்ல இன்ஜின்கூடத் தப்பான ஓட்டத்தில் கெட்டுப்போகும்.

மச்சான் சொல்வது பழைய டீசலுக்குப் பொருந்தும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி சேர்ந்துவிட்டது. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் 15, 20 நிமிடமாவது ஒரே சீராக ஓட வேண்டும். உங்கள் பள்ளி ஓட்டம் 3 கிலோமீட்டர். கரியை எரிக்க வண்டி கூடுதல் டீசலைப் பீய்ச்ச ஆரம்பிக்கும். பாதியிலேயே நீங்கள் பள்ளி வாசலில் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் அளவு ஏறியிருக்கும், டீசல் வாடை அடிக்கும். நீர்த்துப்போன ஆயிலில் முதலில் அடிவாங்குவது டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) பேரிங்கும். தினமும் செங்கல்பட்டு வரை நெடுஞ்சாலையில் போய்வருகிறவர் இதே வண்டியை எடுத்தால் இந்தத் தொல்லை அவருக்கு வராது.

டீசலில் மிச்சமாவது எவ்வளவு? வருடத்துக்கு 8,400 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்து, விலையை 100 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய். டீசல் 17 கொடுத்து, 92 ரூபாய் என்றால் சுமார் 45,500. வருடத்துக்கு மிச்சம் 14,500. பல டீசல் வண்டிகளில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றை மாற்றினாலே இந்தப் பணம் போய்விடும். நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர். பழைய வண்டிக்கான கடன் வட்டியும் அதிகம். 13 சதவீதத்தில் ஐந்தரை லட்சத்தை 5 வருடத்துக்கு வாங்கினால் தவணை 12,500, வட்டி மட்டும் 2 லட்சம். புது வண்டிக்கு 9 சதவீதத்தில் 5 லட்சம் என்றால் தவணை 10,380, வட்டி 1.23 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

டர்போ பெட்ரோல் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் மாற்றுவதை நான்கு மாதம் தள்ளிப்போட்டால் சாதாரண 1.2 இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், டர்போ பொறுக்காது. நேரடி இன்ஜெக்‌ஷன் வகையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் முதுகு கழுவப்படாமல் கரி படியும். சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வுக்கு முன்பே தெளிக்கப்படுவதால் அதுவே அந்த வால்வைக் கழுவிவிடும். ஹூண்டாயின் 1.2 லிட்டர் கப்பா, மாருதியின் 1.2 கே சீரிஸ் எல்லாம் இந்த எளிய வகைதான். எந்தத் தெரு மெக்கானிக்கும் கை வைக்கத் தெரிந்த இன்ஜின்கள்.

டர்போவை வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பெரிய காரணம் கடன்தான். 9 சதவீத வட்டியில் ஒன்பதரை லட்சத்துக்கு 7 வருடத் தவணை 15,285. ஷோரூமில் சொல்லும் கணக்கு சரிதான். அவர்கள் சொல்லாதது, மொத்த வட்டி 3.34 லட்சம் என்பது. அதே கடனை 5 வருடத்தில் அடைத்தால் 2.33 லட்சம். அதைவிட முக்கியம்: வாரன்டியை நீட்டித்து வாங்கியிருந்தாலும் பல திட்டங்கள் ஐந்தாம் வருடத்தோடு முடிந்துவிடும். அன்றைக்கு உங்கள் தலையில் இன்னும் சுமார் 3.35 லட்சம் அசல் பாக்கி நிற்கும். பழுதுச் செலவு வரத் தொடங்கும் வயதில் வண்டிக்குத் தவணையும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் பயப்படும் நிலைமை அதுதானே? 5 வருடமாகச் சுருக்கினால் தவணை 19,720. வீட்டுக் கடனோடு சேர்த்து 45,700, வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி. நான் சொன்ன கணக்கில் இரண்டு தவணையும் சேர்ந்து 36,400, அதாவது 37 சதவீதம். பெட்ரோல் மாதம் 5,000, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் இதற்கு மேல் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

வேரியன்ட் தேர்ந்தெடுக்கும்போது 10 லட்சத்துக் கோட்டைத் தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் சாலை வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. விலை 9.9 லட்சம் என்றால் வரி 1,28,700, 10.1 லட்சம் என்றால் 1,81,800. சன்ரூஃப் ஒன்றுக்காக 53,000 ரூபாய் கூடுதல் வரி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி சென்னைக்கே உரிய ஆபத்து, தண்ணீர். நம் ஊரில் நல்ல இன்ஜின் ஒரே நாளில் சாவதற்கு முதல் காரணம் இதுதான், அதிலும் நீங்கள் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் உங்கள் தெருவும் பார்த்திருக்கும். தேங்கிய தண்ணீரில் வண்டியை விடும்போது முன்னால் எழும் அலை, கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் காற்றுக் குழாய் வரை ஏறினால் போதும், சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதோடு ஓடினால் ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைக்கும். லட்ச ரூபாய் செலவு என்று நீங்கள் பயந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். ஒரு முறைகூட வேண்டாம். நின்றதோடு விட்டால் பல நேரம் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில், ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றினால் பிழைத்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு டோ செய்து கொண்டுபோங்கள். போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த இருக்கை, ஒயரிங் எல்லாம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வரும். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ராடு வளைந்தால் அதைத் தொடர்விளைவுச் சேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் தனியாக வேண்டும். பிரீமியத்தில் சில ஆயிரம் ரூபாய் கூடும். அதிலும் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்திருந்தால் என்ன நிபந்தனை என்பதைப் படித்துப் பாருங்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறும் கட்டடம் என்றால், மழை எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் வேண்டும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களை நிறுத்தினார்களே, அவர்கள் அனுபவப்பட்டவர்கள்.

மற்றபடி உங்கள் இன்ஜினைக் காப்பாற்றப்போவது ஆயிலும், சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டும். 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டாது. உள்ளே நீராவியும் பெட்ரோலும் ஆயிலில் தங்கி, மெல்ல மெல்லப் பசையாகும். அதனால் 10,000 கிலோமீட்டர் ஆகவில்லையே என்று காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் ஆயில் மாற்றுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு எட்டு மாதத்தில் மாற்றினால் இன்னும் நல்லது. மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு மட்டும்தான். கெட்டியான ஆயில் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூலன்ட் டேங்க்கில் அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது. மேடவாக்கம் போர் தண்ணீர் குடத்தில் வெள்ளைப் படிவு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அடைத்தால் ஓஎம்ஆர் நெரிசலில் ஏசி ஓடும்போது சூடேறி, இன்ஜின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போகும். கலந்தே விற்கும் கூலன்ட் 1 லிட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் மறுபடி குறைந்தால் ஊற்றிக்கொண்டே இருக்காமல் கசிவைத் தேடச் சொல்லுங்கள்.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிப் பதற வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அதற்கு ஏற்றவை; மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பணம் போதாமல் பழைய வண்டிதான் என்று முடிவானால், 3 வருடத்துக்குள் இருக்கும் சாதாரண பெட்ரோலைப் பாருங்கள். காலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய்விடுங்கள்; பானட்டைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால்தான் பேச்சு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் பசை இருந்தால் வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சீட் தண்டவாளத்திலும் துருவைப் பாருங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் எல்லா சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்தால் ஓடிய கிலோமீட்டர் வரலாறு தெரியும். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, எத்தனையாவது உரிமையாளர் என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். பின் இருக்கையில் ஏறி இறங்க முழங்காலை அதிகம் மடக்க வேண்டியிருந்தால் அந்த மாடலை விட்டுவிட்டு, இதே வகை இன்ஜினோடு உயரமான இருக்கை உள்ள நாலு மீட்டருக்குள் இருக்கும் வண்டியைப் பாருங்கள். 1200 சிசிக்கு மிகாத, நாலு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். மனைவியும் ஓட்டுவார் என்றால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். டூயல் கிளட்ச் வகை மட்டும் வேண்டாம், ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் சூடாகும்.

வண்டி வந்த மாதத்திலிருந்து மாதம் 2,000 ரூபாய்க்கு வங்கியில் ஒரு ஆர்டி (தொடர் வைப்பு) போடுங்கள். மூன்று, நான்கு வருடத்தில் பேட்டரி, ஐந்தாம் வருடம் டயர், அதையொட்டி கிளட்ச் என்று வரும் செலவுகள் அதிலிருந்து போகட்டும். வாரன்டி நீட்டிப்பை முதல் வாரன்டி முடிவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஒயரை வெட்டி ஹாரனோ லைட்டோ வைத்தால் அந்த வாரன்டி கிடைக்காமல் போகும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

டெலிவரிக்கு முன் சேசிஸ் தகட்டில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். பாலிசித் தாளில் இன்ஜின் புரொடெக்ட் என்ற வரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். பொதுவாக அதைப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்ப்பார்கள். அக்டோபரில் புயல் சின்னம் உருவான பிறகு போன் செய்தால் கிடைக்காது.